கிச்சனில் எலும்புக்கூடு

“ஒருத்தன்கூட கிச்சன்னு எழுதலை, பாஸ்!”

கடைசி விடைத்தாளையும் மேசைமேல் விட்டெறிந்தேன். பாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடி இன்னும் அழுக்காகும். தெரிந்தும் துடைப்பார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

“எழுதலையா? சந்தோஷம்.”

“என்ன சந்தோஷம்? நாம வெச்ச பொறி அம்போன்னு கிடக்குது. எலி அந்தப் பக்கமே வரலை.”

“வாயாடி, கொஞ்சம் வாயை மூடிட்டு எண்ணு.”

வாயாடி என்பது நான்தான். அப்பா அம்மா வைத்த பேரை இந்தத் துப்பறியும் ஆபீஸில் கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கே சில நேரம் சந்தேகம் வரும்.

எதிர் நாற்காலியில் இருந்த தையல்கார அக்கா நிமிர்ந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கடையில் வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“அப்ப என் தம்பி உள்ளதான் போகணுமா சார்?”

இந்த அக்காவின் தம்பி ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் டைப்பிஸ்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனி ஒன்று அங்கேதான் தேர்வு வைக்கும். ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்லும் தொடர்களில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். சரியான வார்த்தையை எழுத வேண்டும். கேள்விகளும் விடைகளும் சீல் வைத்த உறையில் வரும்.

போன தேர்வில் கம்பெனிக்காரர்களே கைதவறி ஒரு விடையைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் அந்தத் தப்பையே ஒற்றுமையாக எழுதிவைத்தார்கள். விடைகள் முன்கூட்டியே வெளியே போன கதை சந்தி சிரித்தது. பழி, கேள்வித்தாளை டைப் அடித்த தம்பியின் தலையில் விழுந்தது. தினமும் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். இன்று மாலைக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் வழக்குப் பதிவு செய்வதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

“சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காருவான், அப்படியே எழுந்துடுவான். பேச்சே இல்லை. அந்த நிலையத்து முதலாளி இருக்கானே, முதல் நாள் ஸ்டேஷன்ல என் தம்பியைப் பெஞ்சுல உக்கார வெச்சுட்டு, எதிர்ல நின்னு டீ குடிச்சான். ‘எழுத்து தெரிஞ்சவன்தானே தங்கச்சி திருட முடியும்? எனக்கு ஏபிசிடியே தெரியாதே’ன்னு சிரிச்சான். அதோட விட்டானா? ‘டீ சாப்பிடறியா தங்கச்சி’ன்னு என்னையே கேட்டான்.” அக்கா டேப்பை விரலில் இறுக்கிச் சுற்றினாள். “என் தம்பி வெளிய வந்தா மட்டும் போதாது சார். எவன் பண்ணினானோ அவன் அதே பெஞ்சுல உக்காரணும். நான் எதிர்ல நின்னு பாக்கணும்.”

நியாயமான ஆசை. என் தம்பியாக இருந்தால் நான் பெஞ்சோடு விட்டிருக்க மாட்டேன்.

இந்த வாரம் நடந்த தேர்வில்தான் பாஸ் பொறி வைத்தார். கம்பெனி அதிகாரியைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து, விடைகளில் வேண்டுமென்றே ஒன்றைக் கெடுத்தார். ‘ஸ்கெலிட்டன் இன் த’ என்று போட்டுக் கோடிட்ட இடம். வீட்டுக்குள் ஒளித்துவைத்த பழைய அசிங்கத்துக்கு ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். கோட்டில் வரவேண்டியது கப்போர்டு. அந்த நிலையத்தின் பாடப் புத்தகத்திலும் கப்போர்டுதான். உறைக்குள் போன விடையில் மட்டும் கிச்சன். எவன் கிச்சன் என்று எழுதுகிறானோ, அவன் திருட்டு விடையைப் பார்த்து எழுதியவன். அவனைப் பிடித்தால் விற்றவனைப் பிடிக்கலாம். எனக்குப் புரிந்த திட்டம் இவ்வளவுதான்.

விடைத்தாள்களைப் பிரித்து அடுக்கினேன். கப்போர்டு ஒரு கட்டு. ஆஸ்பத்திரி, சுடுகாடு, லேப் என்று மனம் போன போக்கில் எழுதிய அப்பாவிகள் ஒரு கட்டு. மூன்றாவது கட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாஸ், இந்தக் கூட்டம் எலும்புக்கூட்டைக் கொண்டுபோய்க் கக்கூஸ்ல வெச்சிருக்கு! எல்லாரும் க்ளாசெட்னு எழுதியிருக்காங்க.”

பாஸ் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

“எல்லாருமா?”

“கட்டு கட்டா. மத்த விடையெல்லாம் எல்லாருக்கும் அச்சு அசலா ஒரே மாதிரி.”

“வந்துட்டான்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அமெரிக்காவுல துணி வெக்கிற சின்ன அறையைத்தான் க்ளாசெட்னு சொல்வாங்க. நாம கப்போர்டுன்னு சொல்ற இடத்துல அவங்க க்ளாசெட்னு சொல்வாங்க. ரெண்டும் சரிதான். ஆனா இந்த ஊர் புத்தகத்துல, வகுப்புல, எங்கயும் அது கிடையாது. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல அமெரிக்கா எங்கேருந்து வந்துச்சு?”

“யாரோ கிச்சனை க்ளாசெட்னு திருத்திக் கொடுத்திருக்காங்க.”

“கிச்சன்னு எழுதுவாங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்லை, வாயாடி. போன தடவை தப்பு விடையாலதான் மாட்டினாங்க. இந்தத் தடவை விக்கிறதுக்கு முன்னாடி அவன் ஒவ்வொண்ணா சரிபார்ப்பான், தப்பு கண்ணுல பட்டா திருத்துவான்னு தெரியும். எப்படித் திருத்தறான்னு பாக்கத்தான் இந்தக் கிச்சன்.”

இந்த மனுஷன் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் காலையிலிருந்து நான் புலம்பிய புலம்பலில் பாதி மிச்சமாகியிருக்கும்.

“தம்பி பெஞ்சுல உக்காந்திருக்கும்போதே விடை வெளிய போயிருக்கே சார். இது போதாதா?” என்றாள் அக்கா.

“தம்பியோட கூட்டாளி பண்ணினான்னு கதை கட்டுவாங்கம்மா. ஆளையே பிடிக்கணும். உறை இருந்த பீரோவுக்குச் சாவி முதலாளி, மேலாளர், பேராசிரியர்னு மூணு பேர்கிட்ட. கிளம்புவோம்.”

“நானும் வருவேன்.”

“வரணும்,” என்றார் பாஸ். “உங்களுக்கு அங்க வேலை இருக்கு.”

பயிற்சி நிலையத்தின் வாசலில், வேலை கிடைத்து வெளிநாடு போனவர்களின் போட்டோக்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. வெளியே மழை பிய்த்து உதறியது. குடையை மடக்கிக்கொண்டு வரவேற்பறைக்குள் நுழைந்தபோது முதலாளியும் மேலாளரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

மேலாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சீமைத்துரை. பேச்சில் பாதியை மூக்கால் பேசுவார். வெளிநாட்டில் பல வருஷம் இருந்தவர் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“வெல்கம்! இட் இஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் ரேட்ஸ்!” என்றார்.

அடைமழைக்கு ஆங்கிலத்தில் பூனையும் நாயும் கொட்ட வேண்டிய இடத்தில் பூனையும் எலியும் கொட்டின. அடுத்த கணம் முதலாளியின் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல் சுருங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பல்வலிம்மா. உயிர் போகுது,” என்றவர், அக்காவைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “வா தங்கச்சி. தம்பி ஒத்துக்கிட்டானா?”

அக்காவின் பார்வையில் ஊசி இருந்தது.

“மூணு பேரையும் தனித்தனியா பாக்கணும்,” என்றார் பாஸ்.

“தாராளமா பாருங்க சார். எனக்குத்தான் இங்கிலீஷ் வாசனையே கிடையாது. கடை வெச்சிருக்கேன், சரக்கு தெரியாது!” முதலாளி தன் ஜோக்குக்குத் தானே சிரித்தபடி உள்ளே போனார். பல்வலியும் கூடவே போய்விட்டது.

முதலில் பேராசிரியர். பட்டப் பெயர் அகராதி. பாடப் புத்தகத்தை எழுதியவர் அவர்தான். பாஸ், “ஸ்கெலிட்டன் இன் த...” என்று இழுத்ததும் அந்தரத்தில் பிடித்தார்.

“கப்போர்டு! என் புத்தகத்துல மூணாவது பாடம். சில பேர் க்ளாசெட்னு சொல்லலாம்னு வாதம் பண்ணுவாங்க. என் வகுப்புல அப்படிச் சொன்னவனை வெளிய நிக்க வெச்சிருக்கேன்.”

“நீங்க அதை ஒத்துக்கவே மாட்டீங்களா சார்?” என்றேன்.

“செத்தாலும் மாட்டேன்!”

அடுத்தது சீமைத்துரை. அதே கேள்விக்கு அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், டையைத் தளர்த்தினார்.

“ஸ்கெலிட்டன் இன் த... ஹாஸ்பிட்டல்?”

“வெளிநாட்டுல எங்க சார் இருந்தீங்க?” என்று குழைவாகக் கேட்டேன்.

“பல இடங்கள்ல.”

“ஏர்போர்ட் தாண்டினீங்களா?”

அவர் முகம் விழுந்ததிலேயே பதில் கிடைத்துவிட்டது. பாவம், அந்த மூக்குப் பேச்சைக் காட்டித்தான் பல வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். “ரெண்டு பேரும் இல்லையா?”

“பேராசிரியர் திருத்தியிருந்தா கப்போர்டுன்னு திருத்தியிருப்பாரு. மேலாளருக்கு அது தப்புன்னே தெரியாது, கிச்சன்னே போயிருக்கும்,” என்றேன். “மிச்சம் முதலாளி. அந்த ஆளுக்குத்தான் ஏபிசிடியே...”

பேச்சு பாதியில் நின்றது. பாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவருக்குப் பல்வலி எப்ப வந்துச்சு, வாயாடி?”

மழை. பூனை. எலி.

“அடப்பாவி! சரக்கு தெரியும். நல்லாவே தெரியும்!”

“தெரியுங்கிறது மட்டும் இல்லை. தப்பைக் கேட்டா தாங்க முடியாத அளவுக்குத் தெரியும். ஆனா தெரியாதுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருக்காரு. அதுதான் அவரோட கவசம். அதை அவர் கையாலயே கழட்ட வெக்கணும்.” பாஸ் அக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அக்கா இரண்டு வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துப் பார்த்தாள். பாஸ் ஒரு போன் போட்டார்.

முதலாளியின் அறையில் பெரிய மர மேசை. மூலை நாற்காலியில் மகளை வகுப்பில் சேர்க்க வந்த ஒரு தகப்பனார், நனைந்த குடையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். “உங்க வேலையை முடிங்க, நான் காத்திருக்கேன்,” என்று ஒதுங்கிக்கொண்டார். பேராசிரியரும் சீமைத்துரையும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன சார், கண்டுபிடிச்சாச்சா?” என்றார் முதலாளி.

“இந்தக் கேஸ் எனக்கு பீஸ் ஆஃப் பிரெட்,” என்றார் பாஸ்.

ரொம்பச் சுலபம் என்பதற்குக் கேக் என்று சொல்ல வேண்டியது. முதலாளியின் இமை துடித்தது.

“ஆமாமா,” என்று நானும் சேர்ந்துகொண்டேன். “ஆனா எங்க பாஸுக்கு இந்த மாதிரி கேஸ் ஒன்ஸ் இன் எ ரெட் மூன்தான் வரும்.”

அபூர்வத்துக்குச் சொல்லும் நீல நிலாவைச் சிவப்பாக்கியதற்கு அவர் மேசை விளிம்பைப் பிடித்தார். விரல் மூட்டுகள் வெளுத்தன. வாசலில் பேராசிரியர் “ஐயோ” என்று முனகினார்.

“யாராவது ஒருத்தர் சீக்கிரமே லெட் த டாக் அவுட் ஆஃப் த பேக்,” என்றார் பாஸ் நிதானமாக.

ரகசியம் உடையும்போது பையிலிருந்து வெளியே வர வேண்டியது பூனை. முதலாளி தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சித்திரவதை என்றால் இதுதான். அதை நான் ரசித்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

“எனக்கு இதெல்லாம் புரியாது சார். தமிழ்ல பேசுங்க,” என்றார் வேர்த்து வடிய.

“சரி, தமிழ்லயே பேசுவோம். இவங்க தம்பிமேல தப்பில்லைன்னு நிரூபிச்சாச்சு. இன்னிக்கே வெளிய வந்துடுவான்.”

முதலாளியின் தலை அக்காவின் பக்கம் திரும்பியது. ஏளனம் மறுபடி முகத்தில் ஏறியது. “அப்படியா தங்கச்சி? சந்தோஷம்.”

அக்கா எழுந்தாள். மேசைக்கு எதிரே போய் நின்றாள்.

“ஆமாண்ணே. இனிமே என் தம்பிக்கு ஒரு குறையும் வராது.” மேசைமேல் இருந்த இரும்புப் பேப்பர்வெயிட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். “டச் அயர்ன்!”

“அயர்ன் இல்லை, முட்டாள்!” முதலாளி வெடித்தார். எங்களிடம் தாங்கிக்கொண்டதை ஒரு தையல்காரியிடம் தாங்க முடியவில்லை. “ஊசி பிடிக்கிற கைக்கு இங்கிலீஷ் ஒரு கேடா? நாக் ஆன் வுட்!”

சொன்னதோடு நிற்கவில்லை. விரல் முட்டியால் மர மேசையை டக் டக்கென்று தட்டியும் காட்டினார்.

அவருடைய கை மேசைக்கு மேலேயே நின்றுவிட்டது.

“டச் வுட்தானே?” என்றார் பேராசிரியர் வாசலில் இருந்து குழப்பமாக. “என் புத்தகத்துல...”

“உங்க புத்தகத்துல டச் வுட். கண்ணு படாம இருக்க இங்க எல்லாரும் சொல்றதும் அதான்,” என்றார் பாஸ். “அமெரிக்காவுல மட்டும்தான் நாக் ஆன் வுட். எலும்புக்கூட்டை க்ளாசெட்ல வெக்கிறதும் அங்கதான். முதலாளி, இவர் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிட்டுத் திருத்தியிருந்தா நான் இன்னும் தேடிக்கிட்டு இருந்திருப்பேன். மனசுல இருந்து திருத்திட்டீங்க.”

“நான்... டிவில எங்கயோ கேட்டது...”

“எத்தனை வருஷம் டிவி பாத்தீங்க?”

மூலையில் இருந்த தகப்பனார் குடையை வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கு மகளே கிடையாது. அவர்தான் இன்ஸ்பெக்டர்; ஸ்டேஷனில் ஏட்டை மட்டுமே பார்த்திருந்த முதலாளிக்கு அடையாளம் தெரியவில்லை.

“பாஸ்போர்ட்டை எடுங்க,” என்றார். “ஏபிசிடி தெரியாதுன்னு எங்க ஏட்டுகிட்ட எழுதிக் கொடுத்தீங்களே, அதையும் பேசுவோம். க்ளாசெட் எழுதின பசங்க சில பேர் கீழ உக்காந்திருக்காங்க. இவ்வளவு நேரம் உங்களுக்குப் பயந்து வாயைத் திறக்கலை. இப்ப திறப்பாங்க.”

பாஸ்போர்ட் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அமெரிக்க முத்திரை. யாரோ ஒரு பணக்காரர் வீட்டில் பல வருஷம் காரோட்டியாக இருந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் பேசப் பேசக் கேட்டே கற்றுக்கொண்ட ஆங்கிலம் அது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயத்தை, திருட்டுக்கு வசதியாக இருக்கும் என்று ஒளித்துவைத்தார் மனுஷன். வாசலில் சிரித்த போட்டோக்களில் பாதி அவரிடம் விடையை விலைக்கு வாங்கிச் சிரித்தவைதான்.

“தங்கச்சி,” என்று தழுதழுத்தார். “நீயாவது சொல்லும்மா. எனக்குக் குடும்பம் இருக்கு.”

“எழுத்து தெரிஞ்சவன்தானே அண்ணே திருட முடியும்?” என்றாள் அக்கா.

மழை விட்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்த எலும்புக்கூடு... அது எதுக்குள்ள இருந்தா என்னங்க?”

“எதுக்குள்ள இருந்தாலும் ஒண்ணுதான்க்கா. வெளிய வந்துருச்சுல்ல.”

தம்பி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான பையன், சட்டைப் பித்தானை மேலே வரை போட்டிருந்தான். இன்ஸ்பெக்டர் “நீ போகலாம்ப்பா” என்றதும் அவனுக்குப் புரியவில்லை. அக்கா போய்த் தோளைத் தொட்டபிறகுதான் எழுந்தான். எழுந்தவன் அவள் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது.

அவன் எழுந்த இடத்தில் முதலாளியை உட்காரச் சொன்னார்கள்.

“வா போகலாம் அக்கா,” என்றான் தம்பி. அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள்.

“இரு கண்ணு. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு.”

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் எதிர்க் கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். ஆவி பறந்த கிளாஸை அவள் இரண்டு கையாலும் வாங்கி, பெஞ்சுக்கு நேர் எதிரே போய் நின்றாள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிமிரும்வரை அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள் என்று தெரிந்ததும் அவர் நிமிர்ந்தார்.

“டீ சாப்பிடறீங்களா, அண்ணே?”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வேண்டாமா? சரி.”

அவள் அங்கேயே நின்று, ஒவ்வொரு வாயாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு காலி கிளாஸை என் கையில் கொடுத்தாள்.

“இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க,” என்றாள்.